ராஜாவின் கோபம் என்ன நிறம்?

பாலைக்கோட்டை ராஜா உக்கிரகேசரி பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போய் மானத்தை விட்டுவிட்டு வந்தார். பந்தியில் சமையற்காரரைச் சம்பந்தி என்று நினைத்துக் கட்டித் தழுவினார். நிஜமான சம்பந்தியைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி கட்டியிருந்தால் பாவம், ராஜாதான் என்ன செய்வார்?

ஊர் திரும்பியதும் ஓர் ஆணை போட்டார். இனிமேல் பாலைக்கோட்டையில் எல்லோரும் கட்டம் போட்ட துணிதான் உடுத்த வேண்டும். வீட்டுக்கு ஒரு கட்டம். துணியைப் பார்த்ததுமே இன்னார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிட வேண்டும்.

கட்டங்களைப் பிரித்துக் கொடுத்து, எந்த நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் வேலை ஏகாம்பரம் என்ற அதிகாரிக்குப் போனது. அவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ராஜாவைப் புகழ்ச்சியில் குளிப்பாட்டத் தெரியும். வெறும் பச்சை என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. 'மழை பெய்த மறுநாள் பாகல் இலைப் பச்சை' என்று எழுதினார். ஒரு வீட்டுக்கு 'மிளகாய்ச் சிவப்பு' என்று கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் பழமா வற்றலா என்று கேட்டுவிட்டார். அதற்காக அவரை ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி வைத்தார்கள்.

ராஜா வீட்டுக் கட்டத்துக்கு ஏகாம்பரம் மூன்று நாள் யோசித்து எழுதினார்: 'மகாராஜாவின் திருமுகம் கோபத்தில் எந்த நிறம் கொள்ளுமோ, அந்த நிறம்.' ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நிறத்தை வேறு யாரும் தொடக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார். கோபம் வந்தால் முகம் சிவக்கும் என்பதுதானே ஊர்ப் பேச்சு? அதனால் எல்லோரும் அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். மிளகாய்ச் சிவப்பு வீட்டுக்கும் நிறத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

மாட்டிக்கொண்டவர் நெசவாளர் சடையன். கோயிலுக்கு நெய்துகொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்கு நெய் என்று ஏகாம்பரம் கேட்டிருந்தார். வரிசைப்படிதான் முடியும் என்று சடையன் சொல்லிவிட்டார். அந்தக் கோபம் ஏகாம்பரத்துக்கு ஆறவில்லை. கல்யாணச் சேலை சிவப்பாக இருப்பதுதானே வழக்கம்? சடையன் தன் மகள் செங்கமலத்தின் கல்யாணத்துக்குச் சிவப்புக் கட்டம் போட்டு ஒரு சேலை நெய்துகொண்டிருந்தார். ஏகாம்பரம் ஆட்களோடு வந்து, பாதி நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு போனார். ராஜாவின் நிறத்தைத் திருடிய குற்றத்துக்குத் தறி பறிமுதல் ஆகும், குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

செங்கமலம் அழுதுகொண்டே வடிவாம்பாளிடம் போனாள். வடிவாம்பாள் அரண்மனை உடுப்பறையைப் பார்த்துக்கொள்பவர். ராஜாவுக்குத் தினமும் தலைப்பாகை கட்டிவிடுவது அவர்தான். அந்த முகத்தைப் பதினெட்டு வருஷமாக ஒரு முழத் தூரத்தில் பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அழாமல் வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சபையில் ஏகாம்பரம் சேலையை விரித்துக் காட்டினார். சடையன் கைகட்டி நின்றார். வடிவாம்பாள் ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, சட்டத்தை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள்.

"மகாராஜா, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் தண்டனை கொடுக்க முடியாது. மூல நிறம் உங்கள் முகத்தில் இருக்கிறது. கொஞ்சம் கோபப்பட வேண்டும்."

இப்போதுதான் நன்றாகச் சாப்பிட்டேன், கோபம் வரவில்லையே என்றார் ராஜா.

"நான் வரவழைக்கிறேன். போன மாதம் வேட்டையில் நீங்கள் குத்திய சிறுத்தை, முந்தின நாளே செத்துப்போயிருந்தது. நாங்கள்தான் புதரில் சாய்த்து, கழுத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்தோம்."

ராஜா எழுந்தார். மூக்கு விடைத்தது. பல் நறநறவென்றது. வடிவாம்பாள் சேலையை எடுத்து அவர் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தார். கண்ணாடியை எதிரே நீட்டினார்.

"ஐயா, இரண்டும் ஒரே நிறமா? நீங்கள்தான் அதிகாரி. பார்த்துச் சொல்லுங்கள்."

ராஜா நல்ல நாவற்பழ நிறம். கோபத்தில் அது இன்னும் இரண்டு பிடி கறுத்திருந்தது. ஏகாம்பரம் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ராஜாவும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் பொய் சொல்ல வழியில்லை.

"வேறு வேறுதான்" என்றார் ஏகாம்பரம், மெதுவாக.

ராஜா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சிவப்பு எங்குமே இல்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலையைத் திருப்பிக் கொடுங்கள், அந்த மனிதரை விடுங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிறுத்தை விஷயம் பொய்தானே என்று கேட்டார்.

"முகத்தின் நிறம் பார்ப்பதற்காகச் சொன்னது, மகாராஜா" என்றார் வடிவாம்பாள். வேட்டைக்குப் போயிருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அத்தோடு ஏகாம்பரம் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. சடையன் தப்பியதில் அவருக்கு வயிறு எரிந்தது. சிவப்போ கறுப்போ, சட்டம் சட்டம்தான் என்றார். மகாராஜாவின் முக நிறத்தை யார் உடுத்தினாலும் யார் பூசினாலும் விடக் கூடாது, அந்தப் பொருளை அங்கேயே பறிமுதல் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ராஜாவும் நியாயம்தான் என்று தலையாட்டினார்.

"அப்படியென்றால் நாவிதரைக் கூப்பிடுங்கள், மகாராஜா" என்றார் வடிவாம்பாள். "அதிகாரி மீசைக்கு மை பூசியிருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் வடிவாம்பாள் கட்டிய தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை அப்படியே எடுத்து அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். கட்டச் சட்டத்தை அன்று சாயங்காலமே ரத்து செய்தார். காலையிலேயே செய்திருக்கலாம். ஆனால் நாவிதர் வந்து மீசையை எடுத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.