தூக்கம் தொலைத்த வௌவாலும் விடாத உடும்பும்

கண்மாய்க் கரையில் ஒரு மருத மரம். அதில் இருநூறு பழந்தின்னி வௌவால்கள் குடியிருந்தன. இரவில் பழம் தேடிப் பறப்பார்கள். பகலில் சிறகைப் போர்த்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கித் தூங்குவார்கள்.

அவர்களில் மூக்கையன் தூக்கத்தில் பெரிய ஆள். மரத்தடியில் மேளம் அடித்தாலும் விழிக்கமாட்டான். ஒருமுறை பட்டப்பகலில் இடி விழுந்து பக்கத்துக் கிளை முறிந்தது. சாயங்காலம் எழுந்து, "இங்கே ஒரு கிளை இருந்ததே, யார் எடுத்தீங்க?" என்று கேட்டவன் அவன்.

அப்படிப்பட்டவனுக்குத் தூக்கம் போயிற்று. போன கதை இது.

கண்மாய்க்கு மேற்கே பனங்காடு. பனையேறி ஒருவர் அங்கே பதநீர் இறக்கி வந்தார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இனிப்பான பதநீர் இறங்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அந்த வருஷம் மழையில் சுண்ணாம்பு சுடும் காளவாய் இடிந்துபோனதால் ஒன்பது நாள் ஊரில் சுண்ணாம்பே இல்லை. பாளையைச் சீவாமல் விட்டால் ஊறுவது நின்றுவிடுமே என்று பனையேறி வெறும் கலயத்தையே கட்டிவைத்தார். நாற்பது மரத்திலும் கள் நுரைத்துப் பொங்கியது.

முதல் நாள் மூக்கையன் பதநீர் என்று நினைத்துத்தான் ஒரு வாய் நக்கினான். புளித்தது. மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது. சீச்சீ என்று பறந்து போனவன், பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு வாய் நக்கினான்.

அதன்பிறகு நாளுக்கு நாள் அளவு கூடியது. மூன்றாம் நாள் விடிகாலையில் வீடு திரும்பியவன் காலுக்குப் பதிலாகக் கையால் கிளையைப் பிடித்து நிமிர்ந்து தொங்கினான். மற்ற எல்லாரும் தலைகீழாகத் தொங்குவதாக அவர்களுக்கே புத்தி சொன்னான். ஆறாம் நாள் தலைவர் சங்கையாவைக் கட்டிக்கொண்டு, "அத்தை, நல்லா இருக்கியா?" என்று அழுதான். சங்கையாவுக்கு மீசை மட்டும்தான் இல்லை. மற்றபடி முரட்டு ஆள். மரமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மூக்கையன் அதெல்லாம் தெரியாமல் கட்டைபோலக் கிடந்தான். இப்படி ஒரு தூக்கம் தன் வாழ்நாளிலேயே தூங்கியதில்லை என்று பெருமை வேறு.

பத்தாம் நாள் சுண்ணாம்பு வந்துவிட்டது. மூக்கையன் நாற்பது மரத்திலும் ஏறி இறங்கினான். நாற்பதும் இனித்தது. அந்த இனிப்பு அவனுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து தொங்கினான்.

தூக்கம் வரவில்லை.

இடதுபக்கம் திரும்பினான். வலதுபக்கம் திரும்பினான். சிறகைப் போர்த்தினால் வியர்த்துக் கொட்டியது. எடுத்தால் குளிர் தூக்கிப் போட்டது. நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல இருந்தது. பக்கத்தில் தொங்கியவன் மூச்சுவிடும் சத்தம்கூட அவனுக்கு மாட்டுவண்டிச் சத்தமாகக் கேட்டது. கொஞ்சம் மெதுவாக மூச்சுவிடச் சொல்லி அவனோடு சண்டைக்குப் போனான். பிறகு கிளை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

"நிலநடுக்கம்! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினான்.

இருநூறு பேரும் பதறி எழுந்து வெயிலில் பறந்தார்கள். ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள். பார்த்தால் மரம் ஆடவில்லை, கண்மாயில் ஒரு சிற்றலைகூட இல்லை. மூக்கையனின் கால் இரண்டும்தான் நடுங்கிக்கொண்டிருந்தன. சங்கையாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தை என்று கூப்பிட்டதையும் அவர் மறந்திருக்கவில்லை. கால் நிற்கும்வரை கடைசிக் கீழ்க்கிளையில் தனியாகத் தொங்கும்படி உத்தரவு போட்டுவிட்டார்.

அந்தக் கீழ்க்கிளைக்கு நேர் கீழேதான் சாந்தப்பன் என்ற நரி பகலில் படுத்திருப்பான். பழந்தின்னி வௌவால் தரையில் விழுந்தால் அங்கிருந்து எழும்பிப் பறக்க முடியாது. ஏதாவது மரத்தைத் தொற்றி ஏறிய பிறகுதான் பறக்க முடியும். இது சாந்தப்பனுக்கு நன்றாகத் தெரியும். மூக்கையன் கால் நடுங்குவதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தான். எத்தனை மணிக்கு விழுவதாக உத்தேசம் என்றும் கேட்டுக்கொண்டான்.

உச்சிவேளைக்கு மூக்கையனின் பிடி நழுவியது. தொப்பென்று விழுந்தான்.

விழுந்த இடம் தரையல்ல, இருளாயியின் முதுகு. இருளாயி என்பவள் அந்த மரத்து வேரடியில் பொந்து வைத்திருந்த உடும்பு. வேர்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தவள், முதுகில் ஏதோ விழுந்ததும் அலறியடித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டாள். முதுகில் ஒட்டிக்கொண்டு மூக்கையனும் மேலே போய்ச் சேர்ந்தான். நரியின் வாய் காற்றைக் கடித்தது.

சாயங்காலத்துக்குள் இன்னொரு தரம் விழுந்தான். மறுநாள் காலையில் மூன்றாம் தரம். மூன்று தரமும் அதே முதுகு. இருளாயியின் வால் நுனி சுளுக்கிக்கொண்டது.

மூன்றாம் தரம் அவள் மரமேறும்போது முதுகிலிருந்து மூக்கையன் கெஞ்சினான். தன்னைக் கீழேயே இறக்கி விடச் சொன்னான். நரி அண்ணன் பனங்காட்டிலிருந்து பழைய கள்ளு மிச்சமிருக்கும் ஒரு கலயத்தை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாராம். நான்கு வாய் குடித்தால் நடுக்கம் நின்று தூக்கம் வந்துவிடும் என்கிறாராம். மரத்தடிக்கு வந்தால் தன் கையாலேயே ஊட்டுகிறேன் என்று சொன்னாராம்.

இருளாயி அவனைக் கிளையில் இறக்கிவிட்டு, "முதல் நாள் எவ்வளவு குடிச்சே?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாய்."

"கடைசி நாள்?"

"நாலு கலயம் இருக்கும்க்கா."

"அப்ப இன்னிக்கு மருந்துக்கு நாலு வாய் போதுமா? நாளைக்கு எத்தனை வேணும்? அதுக்கு மறுநாள்?"

மூக்கையன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான். விரல் நடுங்கியதில் மூன்றுக்குப் பிறகு எந்த விரல் என்று தெரியாமல் போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். மறுபடியும் மூன்றில் நின்றது. அப்போதுதான் அவனுக்கு உள்ளபடியே பயம் வந்தது. கீழே குனிந்து, அதாவது அவன் கணக்கில் மேலே நிமிர்ந்து, நரியைப் பார்த்தான். நரி நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்? காலு நிக்கமாட்டேங்குதே," என்று அழுதான்.

இருளாயி பெரிய இரக்கசாலி ஒன்றும் இல்லை. அவளுக்குத் தன் முதுகைப் பற்றிய கவலை. இவன் தேறும்வரை தன்னால் நிம்மதியாக வெயில் காய முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"நான் உன் காலைப் பிடிச்சுக்கிறேன். ஆனா ஒண்ணு. பிடிச்சா நடுவில விடமாட்டேன். நீ கெஞ்சினாலும் விடமாட்டேன், திட்டினாலும் விடமாட்டேன். இப்பவே யோசிச்சுச் சொல்லு."

மூக்கையன் சரி என்றான். இருளாயி கிளையோடு கிளையாகப் படுத்து, அவன் கால் இரண்டையும் கிளையோடு சேர்த்து நகத்தால் கவ்விப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பகல் மூக்கையன் கெஞ்சவில்லை. நன்றி சொல்லியே அவளைக் கொன்றான். மறுநாள் திட்டத் தொடங்கினான். உன் நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது, உன் தோல் ஏன் காய்ந்த பாகற்காய் மாதிரி இருக்கிறது என்றெல்லாம் கேட்டான். மரம் தீப்பிடித்துவிட்டது என்றான். தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகவும், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்றும் சொன்னான். பெண் யார் என்று இருளாயி கேட்டதும், மறுபடி மரம் தீப்பிடித்துவிட்டது என்றான்.

பிறகு, "எறும்பு! என் நெஞ்சு மேல எறும்பு ஊருது!" என்று துடித்தான்.

இருளாயி கழுத்தை நீட்டி அவன் காட்டிய இடத்தை நக்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் நக்கினாள்.

"ஒரு எறும்பும் இல்லை. இருந்திருந்தா நான் விட்டுவைப்பேனா?" என்றாள் ஏமாற்றத்தோடு.

அவன் படும் பாட்டைப் பார்த்துச் சங்கையாவுக்கே மனசு கேட்கவில்லை. கண்மாய்த் தண்ணீரில் நெஞ்சு படப் பறந்து, நனைந்த மயிரோடு வந்து, மூக்கையன் வாயருகே நின்றார். வௌவால்கள் அப்படித்தான் தண்ணீர் குடிக்கும். மூக்கையன் அவர் நெஞ்சை நக்கி நக்கித் தண்ணீர் குடித்தான். இந்தத் தரம் அத்தை என்று கூப்பிடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததுபோலத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை போய் நனைந்து வந்தார்.

மூன்றாம் நாள்தான் மிக மோசம். சாந்தப்பன் கலயத்தைக் கிளைக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தான். வாலால் வீசி வீசி வாடையை மேலே அனுப்பினான். மூக்கையனின் நாக்கு தானாக வெளியே வந்து தொங்கியது. ஆனால் இருளாயியின் பிடி தளரவில்லை. நரி பார்த்தான். இவனோடு பேசிப் பயனில்லை, அவளோடு பேச வேண்டும் என்று முடிவு செய்தான்.

"இருளாயி, நீ இங்கே சும்மா படுத்திருக்கியே! கரைமேல் புற்றுக்குள்ளே நீ வச்ச முட்டையை ஒரு கீரி தோண்டிக்கிட்டிருக்கு!"

இருளாயி கரைப்பக்கம் கழுத்தை நீட்டினாள். பதினெட்டு முட்டை. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து இலை மறைத்ததால் புற்று தெரியவில்லை. தலைகீழாகத் தொங்கிய மூக்கையனுக்கு மட்டும் கரை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, உன்னைத்தான் கேக்கிறேன். கீரி இருக்கா?" என்றாள். அவள் நகம் முதல் தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது.

மூக்கையன் புற்றைப் பார்த்தான். அங்கே ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆமாம் என்ற ஒரே சொல். அதைச் சொன்னால் அவள் ஓடிவிடுவாள். கீழே கலயம். உடம்பில் ஒவ்வொரு மயிரும் அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னது. இரண்டு நாளாக அவளிடம் ஐம்பது பொய் சொல்லியிருப்பான். இது ஐம்பத்தொன்றாவது, அவ்வளவுதான்.

வாயைத் திறந்தான். மூடினான். கண்ணிலிருந்து நீர் வழிந்து நெற்றி வழியாகச் சொட்டியது.

"இல்லைக்கா," என்றான். "கீரி எதுவும் இல்லை. நீ நல்லாப் பிடிச்சுக்கோ. இறுக்கிப் பிடிச்சுக்கோ."

நகம் மறுபடி இறுகியது. வலித்தது. மூக்கையன் தேம்பித் தேம்பி அழுதான். கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகியது. விக்கல் கொட்டாவியாகியது.

சாந்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளாக வேறு இரை தேடவில்லை. வயிறு காய்ந்து கிடந்தது. விசிறி விசிறி வாலும் வலித்தது. கோபத்தில் கலயத்தைத் தூக்கித் தானே ஒரே மூச்சில் குடித்துவிட்டான். பிறகு தன் வாலைப் பார்த்து யார் நீ என்று அதட்டினான். அது பதில் சொல்லாததால் ஊருக்குள் போய் நாய்களிடம் புகார் கொடுக்கக் கிளம்பினான். நாய்கள் அவனை நாலு ஊர் தாண்டி விரட்டிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்வி.

மூக்கையன் அதையெல்லாம் பார்க்கவில்லை. தூங்கிவிட்டான். அன்று மிச்சப் பகலும், இரவும், அடுத்த பகல் முழுக்கவும் தூங்கினான்.

விழித்தபோது சாயங்காலம். அத்திப்பழ வாசனை காற்றில் வந்தது. கொள்ளைப் பசி பசித்தது. காலைப் பார்த்தான். ஆடவில்லை. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் சிறகை உதறிக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கையா, வாறியா? கிழக்கே அத்தி பழுத்திருக்கு," என்று சங்கையா கூப்பிட்டார்.

மூக்கையன் புறப்படப் பார்த்தான். முடியவில்லை. மூன்று நாளாகக் கண்மூடாத இருளாயி கிளையின்மேல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் அவள் பிடி விடவில்லை. இரண்டு காலும் அவள் நகத்துக்குள் பத்திரமாக இருந்தன.

எழுப்ப வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். தனக்குப் பசியில்லை என்று சங்கையாவிடம் மெல்லச் சொன்னான். பிறகு அவள் தூக்கம் கலையாதபடி, சிறகைக்கூட அசைக்காமல், இருந்த இடத்திலேயே தொங்கினான்.

குடியை விட்டவன் நடுங்கும் நாட்களில் அந்த நடுக்கத்துக்கு மருந்தென்று மறுபடியும் கலயத்தைத் தேடாமல், தன்னைப் பிடித்துக்கொள்ள ஒருவரைக் கூப்பிட்டு, அவரிடம் உண்மையைச் சொன்னால் தொலைந்த தூக்கம் தானே திரும்பி வரும்.