அருணோதய ஜெபத்தில் ஒரு பெயர்

ஜெபிக்கத் தெரிந்தவர் என்று ஊரே சொன்ன ஒருவர், ஜெபிக்கக் கற்றுக்கொள்ள ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயர் தவசிமணி. பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருப்பவனை அதட்டிய தொண்டை அவருடையது. இனி அது ஆண்டவருக்குப் பயன்படட்டும் என்று, சபையில் ஜெபம் நடத்துகிறவர்களுக்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

பயிற்சி தந்த குருவானவர் பொன்மலர், அவரைவிட மிகவும் இளையவர். குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைத்துப் பழகிய ஊர், ஐயரே பெண்ணாக வந்து நின்றதும் திண்டாடிப் போய், கடைசியில் 'அம்மா' என்று முடித்துக்கொண்டது. தவசிமணியும் அப்படியே அழைத்தார்.

ஆண்டுதோறும் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்கள் நடக்கும் நாட்களில், விடியுமுன் பந்தலில் அருணோதய ஜெபம் உண்டு. ஒரு நாள் குருவானவர் நடத்தினால் மறுநாள் சபையாரில் ஒருவர் நடத்துவார். பந்தலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களும் ஆமென் சொல்லட்டும் என்று, சபையின் கோயில் கோபுரத்தில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி நான்கு தெருவுக்கும் திருப்பி வைத்திருந்தார்கள்.

அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள். 'பாடகர் குழுவில் பெருமையோடு நிற்கும் ஒரு சகோதரியை நீர் தாழ்த்தும்' என்று ஒருவர் ஜெபித்தால், எந்தச் சகோதரி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சகோதரியும் ஆமென் சொல்லியாக வேண்டும். ஜெபத்துக்கு எதிர்வாதம் செய்ய முடியாது.

தவசிமணி அப்படிக் குத்துகிறவர் இல்லை. அவர் செய்தது அதைவிடப் பெரிய பிழை. அதை அன்பினால் செய்தார்.

கன்வென்ஷன் தொடங்குவதற்கு முந்தின நாள் கனகபுஷ்பம் அவரைத் தேடி வந்தாள். அடுத்த தெருக்காரி. கணவனை இழந்து ஒற்றை மகளை நர்சிங் படிக்க வைத்தவள். மகள் ஷைனி டெங்கு காய்ச்சலில் கிடக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

"காய்ச்சல் இல்ல அண்ணாச்சி. மருந்தக் குடிச்சிட்டா. பெரியாஸ்பத்திரியில வச்சிருக்கு. யாருக்கும் தெரியாது. நீங்க மட்டும் ஜெபம் பண்ணிக்கிடுங்க."

மறுநாள் அருணோதய ஜெபம் தவசிமணியுடைய முறை. முழங்காலில் நின்றார். கண்ணீர் வந்தது, பொய்க்கண்ணீர் அல்ல. அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையாகப் பார்த்தவர். "பிதாவே, விஷத்தைக் குடித்து உயிருக்குப் போராடுகிற உம்முடைய பிள்ளை ஷைனியை நினைத்தருளும்" என்று கதறினார். நான்கு தெருவும் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் அன்றைக்கு ஆமென் சொன்ன வேகத்தை அவர் ஆவியானவரின் அசைவு என்று நினைத்துக்கொண்டார்.

பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீடு திரும்பவில்லை. அவள் வருவதற்கு முன்பே ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு பெண்கள் கனகபுஷ்பத்தின் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். யார் பையன், எத்தனை மாதம் என்று கேட்கத்தான் வந்தார்கள். ஹார்லிக்ஸ் அதற்கான நுழைவுச்சீட்டு.

சங்கதி தெரிந்ததும் தவசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் பொன்மலரிடம் போய் நின்றார்.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். ஷைனி இனி ஊருக்கே வர மாட்டேன்னுட்டாளாம். நாளைக்கு அருணோதய ஜெபத்துல, எல்லார் முன்னாலயும் கனகபுஷ்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"மைக்கிலயா?"

"மைக்குல பண்ணுன தப்பு. மைக்குலதான கேக்கணும்?"

பொன்மலர் யோசித்தார். "நாளைக்கு வாங்க. முதல்ல உங்களுக்காக நான் ஜெபிக்கேன். பிறகு மைக்க உங்ககிட்ட தாரேன்."

தவசிமணி நிம்மதியோடு வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தார். நன்றாக வந்தன. எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும் என்பது வரை அவருக்குத் தெரிந்தது.

விடியுமுன் பந்தல் நிறைந்திருந்தது. பொன்மலர் மைக்கைப் பிடித்தார். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

"பரம தகப்பனே, உம்முடைய ஊழியக்காரர் தவசிமணி அண்ணாச்சிக்காக வேண்டுகிறோம். அவருடைய மகன் ஆல்வினுக்காக..."

ஜெபம் அங்கே நின்றது.

ஆல்வின் மஸ்கட்டில் கம்பெனி வேலையில் இருப்பதாகத்தான் ஊருக்குத் தெரியும். அவன் இருந்தது மதுரையில், குடியை மறக்கடிக்கும் விடுதியில். தகப்பனைக் கைநீட்டி அடித்த பிறகு கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இது தவசிமணிக்கும் அவர் மனைவிக்கும் பொன்மலருக்கும் மட்டுமே தெரியும்.

தவசிமணி கண்களைத் திறந்தார். மகன் பெயர் கோபுரத்திலிருந்து தெற்குத் தெருவுக்குப் போவது அவர் காதில் விழுந்தது. அங்கே அவர் மனைவி முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்து ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பந்தலில் எல்லோர் கண்களும் மூடியிருந்தன. ஆனால் ஒருவர்கூட இருமவில்லை. இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு சொன்ன ஆமெனைத்தானே அன்றைக்கு ஆவியானவரின் அசைவு என்று நினைத்தோம் என்று அவருக்கு உறைத்தது.

அவர் பொன்மலரின் அங்கியைப் பிடித்து இழுத்தார். "அம்மா, வேண்டாம்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

பொன்மலர் அவரைப் பார்த்தார். "...தூரத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வேண்டுகிறோம், ஆமென்" என்று முடித்தார்.

ஆமென் கொஞ்சம் தாமதித்து, ஏமாற்றத்தோடு வந்தது.

பொன்மலர் மைக்கை நீட்டினார். "இப்ப மன்னிப்புக் கேளுங்க அண்ணாச்சி."

தவசிமணி அதை வாங்கவில்லை. பந்தலை விட்டு இறங்கி, செருப்பைக்கூடத் தேடாமல் கனகபுஷ்பத்தின் வீட்டுக்கு நடந்தார்.

கனகபுஷ்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பெட்டி இருந்தது.

"தாயி, என்னய மன்னிச்சிரு."

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? நீங்க ஜெபம்தான பண்ணுனீங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க போற?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு மட்டும் சொல்லு."

கனகபுஷ்பம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கதவோரம் இருந்த துணிப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"கோயில் ஏலத்துக்குக் குடுத்துருங்க. ஊர்ச் சாமான் ஊருக்கே இருக்கட்டும்."

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

கன்வென்ஷன் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தவசிமணி கோயிலின் பக்கத்து அறைக்குள் வந்து பையை மேசைமேல் வைத்தார். பொன்மலர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாம்மா."

"மன்னிச்சாங்களா?"

"ஜெபம்தான பண்ணுனீங்கன்னு சொன்னா."

தவசிமணிக்குத் திடீரென்று கோபம் வந்தது. தன்மேல் வந்த கோபம்தான், ஆனால் திரும்பிய இடம் வேறு.

"நீங்களும் ஆல்வின் பேர எடுத்திருக்கக் கூடாது. காதும் காதும் வச்ச மாதிரி உங்ககிட்ட சொன்னது."

"ஆமா. எடுத்திருக்கக் கூடாது."

"பேரோட நிறுத்துனீங்களே, அது போதும். வேற ஒண்ணும் வெளிய வரல."

பொன்மலர் மடித்த அங்கியை அலமாரியில் வைத்தார்.

தவசிமணி உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "ஊரு எல்லாத்தையும் மறந்துரும்மா. கொஞ்ச நாள் போனா ஷைனியும் வந்துருவா. மறந்துரும், இல்லியா?"

"காலையிலருந்து ஆறு பேரு எங்கிட்ட வந்துட்டாங்க அண்ணாச்சி. ஆல்வினுக்கு என்னன்னு கேட்டு."

தவசிமணி எழுந்து கதவைச் சாத்தினார்.

"எதுக்காம்?"

"ஜெபிக்கத்தானாம்."