நாரை சொன்ன வழி

இந்தக் கதைக்கு விதை போட்டது உங்க அப்பாதான், ஜெசி. எம்மவன் ரோச்சு, துறைமுகத்துல கிரேன் ஓட்டச் சேர்ந்த முதல் மாசம், சோறு தின்னுக்கிட்டே சொன்னான்: "யம்மா, கிரேன்னா இங்கிலீஷ்ல பறவையாம். நம்ம நாரை மாதிரி நீட்டுக் கழுத்து. அதைப் பார்த்துதான் மெஷினுக்கும் அந்தப் பேரை வச்சிருக்காங்க." எனக்கு மெய்சிலிர்த்துப்போச்சு. மிச்சம் நான் உனக்காகக் கட்டினது.

ஒரு ஊர்ல ஒரு மணி. மாதா கோயில் மணி, ஆனைக் கனம். கோபுரத்துல ஏத்தாம தரையில கிடக்கு. தரையில அடிச்சா 'தொம்'முனு வாசலோட நின்னுரும். மேல தொங்கினாத்தான் கடலுக்குக் கேக்கும். ம் சொல்லு.

"ம்."

அன்னைக்குப் பட்டப்பகல்லயே வானம் கருத்து, மழை 'சோ'ன்னு இறங்கிருச்சு. கரையே தெரியல. சலேத்துன்னு ஒருத்தி, அவ புருஷன் சூசை வள்ளத்தோட கடல்ல இருக்கான். மணிச் சத்தம் கேட்டாத்தான் அவனுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியும்.

அப்போ ஊரே கூடி, கயித்தைக் கோபுரச் சுவர் மேல போட்டு இழுத்துச்சு. கரைவலை இழுத்துப் பழகின கையில்லா? மணல்ல வலையை இழுக்கிற மாதிரியே பின்னாடி நடந்து, தரதரன்னு இழுத்தாங்க. மணி சுவத்துல உரசி, கர்ர்ர்! ரெண்டு கல்லு பேந்துச்சு.

அப்புறம் இன்னும் பத்துப் பேர் சேர்ந்தாங்க. கயிறு 'பட்'! மணி 'டொம்'!

"மழை விடட்டும்லா"ன்னாரு ஊர்ப் பெரியவர்.

"மழை விட்டா மணி எதுக்கு, மாமா?"ன்னா சலேத்து. விறுவிறுன்னு கழிமுகத்துக்குப் போய், "மாதாவே, வழி காட்டும்மா"ன்னு முட்டி போட்டா. எதிர்ல ஒரு நாரை. தண்ணியில 'லபக்'! கொத்தின மீனைச் சேத்துல இழுக்கல. கழுத்தை வெளிய நீட்டி, நேரா மேல தூக்குச்சு. அப்புறம்தான் திரும்புச்சு. ம்?

"...ம்."

ஓடியாந்தா. "பாய்மரத்தைக் கோபுர ஜன்னல் வழியா வெளிய நீட்டிக் கட்டுங்க! நுனியில கப்பி! மணி சுவத்தைத் தொடக்கூடாது!"

"மீன் தின்ன வந்த நாரை கொத்தனார் வேலையும் பாக்குதோ?"ன்னு சிரிச்சாரு பெரியவர். சிரிச்சுக்கிட்டே கயித்தைப் பிடிச்சாரு.

கிறீச்... கிறீச்... மணி நேரா ஏறுச்சு. பாய்மரத்தை உள்ள திருப்பினாங்க. மாட்டினாங்க. டாங்! டாங்! டாங்!

அடிச்சாங்க, அடிச்சாங்க. கடல்ல ஒன்னும் காணோம். சலேத்து கண்ணு கொட்டல. அப்புறம் மழைக்குள்ள இருந்து ஒரு குரல்: "ஏ சலேத்து, நிறுத்தச் சொல்லு! காது ரெண்டும் போச்சு!"

உங்கப்பா கிரேனும் அப்படித்தான், கண்ணு. கழுத்தை நீட்டும், நேரா தூக்கும், அப்புறம் திரும்பும். மெஷினைப் பார்த்ததும் பறவை ஞாபகம் வந்துச்சே ஒரு மனுஷனுக்கு, அவன் எந்தத் தேசமோ, நல்லா இருக்கட்டும்.

கதை கரை ஏறிருச்சு, கண்ணை மூடு. அப்பா இன்னும் அந்தக் கழுத்து மேலதான் உக்காந்திருக்கான். அவனுக்காக ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிட்டுத் தூங்கும்மா.