கியர் விழுகிறதா என்று பார்த்தவர்கள்

நாஞ்சில் நாட்டில் ஆலங்கரை என்றோர் ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே சில நாள் வழி கேட்டுத்தான் வீடு போய்ச் சேருவார்கள். அங்கே மரக்கடை வைத்துப் பெரிய சொத்து சேர்த்தவர் ஒருவர் இருந்தார். சொத்தையெல்லாம் மகன்கள் பேரில் எழுதி வைத்தார். அதைச் சேர்த்த புத்தியை மட்டும் போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டார்.

மூத்த மகன் குலசேகரன், அப்பாவின் மரக்கடையில் வந்த லாபத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை. கார் ஓட்ட என்று தோல் கையுறையும் வாங்கினார். கார் பெரும்பாலும் ஓடாததால் கையுறை வீணாகக் கூடாதே என்று, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் மாட்டிக்கொள்வார். சாப்பிடும்போது மட்டும் மனைவி கோமதி கழற்ற வைப்பாள்.

தம்பி பூதலிங்கத்துக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. கோமதியின் தம்பி சிதம்பரதாணு, அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். பார்த்துவிட்டார், போவதற்குத்தான் மறந்துவிட்டது. இந்த மூவரும் எதையும் கூடிப் பேசாமல் செய்வதில்லை. கூடிப் பேசியதால் உருப்பட்ட காரியமும் இல்லை.

பூதலிங்கத்துக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பக்கத்து ஊர் ஈஸ்வரபிள்ளையின் மகள் வடிவு. மாப்பிள்ளை அந்தச் சிவப்புக் காரின் மேல் சாய்ந்து நின்ற போட்டோவைப் பார்த்த ஈஸ்வரபிள்ளை, “பொண்ணு பாக்க அந்தக் கார்லேயே வாங்க. தெருவே பாக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினார். போட்டோவில் பூதலிங்கமும் இருந்ததை அவர் கவனித்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் குலசேகரன் காரை ஸ்டார்ட் செய்தார். கியர் கம்பி ஆடியது. ஆடியதோடு நிற்காமல், தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோலக் கடகடவென்று சத்தம் போட்டது.

“இந்தச் சத்தத்தோட போனா, நம்ம குடும்பமே லொடலொடன்னு நினைச்சிருவாங்க” என்றார் குலசேகரன்.

“அண்ணே, இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா இனி எனக்குக் கிடையாது” என்றார் பூதலிங்கம்.

“பஸ்ஸுல போனா என்ன?” என்று கேட்டாள் கோமதி. மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவள் பழத்தட்டையும் பூவையும் பையில் எடுத்து வைக்க உள்ளே போனாள்.

ஊரில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் குலசேகரனிடம் அந்தக் காரை விற்றுவிடும்படி சொன்னவர்கள். அதனால் அவர்களோடு பேச்சில்லை. அப்படிச் சொல்லாதவர் மார்த்தாண்டத்தில் இருந்த சேவியர் ஒருவர்தான். அவரோ காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். குலசேகரன் போன் போட்டார்.

“பெரிய வேலை ஒண்ணுமில்ல” என்றார் சேவியர். “கியர் கம்பியைச் சுத்தி ஒரு தோல் உறை இருக்கும். அதைக் கழட்டுங்க. உள்ளே கையை விட்டுப் பாருங்க. தானாத் தெரிஞ்சிரும்.”

உறையைக் கழற்றிவிட்டார்கள். அடுத்ததில்தான் சிக்கல். வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். காரின் ஹேண்ட் பிரேக்கோ தானாக நிற்காது, யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது காருக்குள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தவர் குலசேகரன்.

“உள்ளே இருந்து கையை விடச் சொல்லுகாரு” என்றார் அவர்.

“விட்டா வண்டி போயிருமே அண்ணே.”

“அதனாலதான் ‘விட்டுப் பாருங்க’ன்னு சொன்னாரு” என்று விளக்கினார் சிதம்பரதாணு. “பாக்கணும்னா ஏதாவது நடக்கணும்லா? சும்மா நிக்கிற வண்டியில என்னத்தைப் பாக்க?”

இது மூவருக்கும் நியாயமாகப் பட்டது. குலசேகரன் கையை விட்டார். மற்ற இருவரும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். கார் முற்றத்தை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வைக்கோல் போரில் போய்ச் சொருகி நின்றது. வைக்கோலுக்குள்ளிருந்து குலசேகரன் மறுபடியும் போன் போட்டார்.

“சேவியர், கையை விட்டுப் பாத்தாச்சு.”

“என்ன தட்டுப்பட்டுது?”

“வைக்கோல்.”

“உள்ளேயா?” என்றார் சேவியர்.

“பாதி உள்ளே இருக்கு. பாதி மேலே இருக்கு.”

“எலி கொண்டு வச்சிருக்கும். எடுத்துப் போட்டிருங்க” என்றார் சேவியர். இவ்வளவு பெரிய வைக்கோல் போரை எந்த எலி கொண்டு வந்திருக்கும் என்று மூவரும் வியந்தபடியே வண்டியை இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை சக்கரத்துக்கு அடியில் அம்மிக் குழவியை வைத்தார்கள். தற்செயலாகச் செய்த அந்த ஒரு காரியம் சரியாக அமைந்துவிட்டது.

அடுத்து சேவியர் சொன்னது: “கம்பிக்கு அடியில ஒரு நட்டு இருக்கும். லூசாயிருக்கும். அதை ஒரு சுத்து சுத்தி விடுங்க.”

பூதலிங்கம் நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “எதைச் சுத்தணும்?”

“அதை அவரு சொல்லலியே.”

“வலமாவா, இடமாவான்னு கேளுங்க அத்தான். அதை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.”

குலசேகரன் கேட்டார். “வலமாத்தான் சுத்தணும். இடமாச் சுத்தினா கழண்டு போயிரும்” என்றார் சேவியர்.

“அப்போ கோயில்தான்” என்றார் சிதம்பரதாணு.

தெருமுனைப் பிள்ளையாரை நட்டு வலம் வந்தது. பூதலிங்கம் அதை வெற்றிலையில் வைத்து ஏந்திப் போனார். பூசாரி என்ன ஏதென்று கேட்காமல் சந்தனம் வைத்துவிட்டார். கேட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது, ஏனென்றால் அவரும் ஆலங்கரைக்காரர்தான். இடமாகச் சுற்றினால் என்ன கழன்று போகுமோ என்ற பயத்தில் பூதலிங்கம் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றினார். திரும்பி வந்து நட்டைப் பழைய இடத்தில் போட்டார்கள். அது முன்பைவிட லூசாக இருந்தது.

“சுத்தியாச்சு சேவியர். கம்பி இன்னும் ஆடுது.”

“அப்போ ரப்பர் புஷ் தேஞ்சுபோயிருக்கும். கம்பி உக்காருற இடத்துல வட்டமா ஒரு ரப்பர் இருக்கும், அதுதான். அவசரத்துக்குச் செருப்பு ரப்பரை வெட்டி வையுங்க. கம்பியைக் கழட்டி, ரப்பரைப் போட்டு, மறுபடி மாட்டணும். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டுச் செய்யலாம்.”

எந்தச் செருப்பு என்பதில் விவாதம் நீண்டது. கியர் இடது கைப் பக்கம் இருப்பதால் இடது செருப்பு என்றார் பூதலிங்கம். ஓட்டுகிறவர் உட்காருவது வலது பக்கம், அதனால் வலதுதான் நியாயம் என்றார் சிதம்பரதாணு. கடைசியில் குலசேகரனின் செருப்பு இரண்டையும் வெட்டினார்கள். ஒன்றை மட்டும் வெட்டியிருந்தால் மற்றது வீணாகியிருக்கும் என்பதில் மூவருக்கும் திருப்தி.

பிறகு மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“மாப்பிளே, கண்ணு மூடியிருக்கா?”

“மூடியிருக்கு அத்தான். நீங்க?”

“நானும் மூடித்தான் இருக்கேன். அதனால உன் கண்ணு மூடியிருக்கான்னு என்னால பாக்க முடியல. தம்பி, நீ பாத்துச் சொல்லு.”

“நானும் மூடியிருக்கேன் அண்ணே.”

ஒருவர் பேச்சை ஒருவர் நம்புவது என்று முடிவாயிற்று. சிதம்பரதாணு கம்பியைத் தடவித் தடவி மாட்டினார். ரப்பர் தடிமனாக இருந்ததால் அது இறங்கவில்லை. பூதலிங்கம் சுத்தியலால் அடித்தார். முதல் அடி டாஷ்போர்டில் விழுந்தது, அடுத்தது சிதம்பரதாணுவின் கட்டைவிரலில் விழுந்தது. சிதம்பரதாணு வலியில் அலறினார், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் கட்டுப்பாடு அப்படிப்பட்டது. பிறகு விழுந்த அடிகளில் சில கம்பியின்மீதும் விழுந்தன. கண்ணைத் திறந்தபோது கம்பி தன் இடத்தில் அசையாமல் நின்றது. முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சத்தம் போயிட்டா?” என்று கேட்டார் சேவியர்.

“போயிட்டு” என்றார் குலசேகரன் பெருமையோடு. அது உண்மைதான். ஆடினால்தானே சத்தம் வரும்?

“நல்லது. இப்போ கியர் விழுதான்னு பாருங்க.”

இதைக் கேட்டதும் மூவர் முகமும் மாறியது. இவ்வளவு பாடுபட்டு மாட்டியது கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வது? பூதலிங்கம் உள்ளே ஓடி மெத்தையைத் தூக்கி வந்தார். அதை வண்டிக்கு அடியில் விரித்தார்கள். சிதம்பரதாணு குப்புறப் படுத்துக் கண்கொட்டாமல் பார்த்தார். வெயில் ஏறியது. கோமதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, “நான் பஸ்ஸுக்குப் போறேன். நீங்க வந்து சேருங்க” என்றாள். கியர் விழுகிற நேரத்தில் குறுக்கே பேசாதே என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

“விழல சேவியர்.”

“ஒண்ணுகூடவா விழல?”

“ஒண்ணும் விழல. மெத்தை விரிச்சுத்தான் வச்சிருக்கோம்.”

சேவியர் மெத்தையைப் பற்றிக் கேட்கவில்லை. மாவுக்கட்டுக்குள் கால் அரித்துக்கொண்டிருந்தது. “வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸாவது விழுதான்னு பாருங்க” என்றார்.

சிதம்பரதாணு வெளியே உருண்டு வந்தார். குலசேகரன் கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்து, காலை எடுத்ததும், வண்டி குழவியைத் தள்ளிவிட்டுப் பின்னால் பாய்ந்து மெத்தையைக் கிழித்தது. இலவம்பஞ்சு முற்றமெல்லாம் பறந்தது.

“விழுந்துட்டு” என்றார் பூதலிங்கம். அவர் கண்ணில் நீர் தளும்பியது. சந்தோஷத்தாலா பஞ்சாலா என்று சொல்ல முடியாது.

“அதுவாவது விழுந்துதே. இப்போதைக்கு அதை வச்சு ஓட்டுங்க. கால் சரியானதும் வாறேன்” என்று சொல்லிச் சேவியர் போனை வைத்தார். ஷெட்டுக்குள் விடுவதைத்தான் அவர் சொன்னார்.

அதை வைத்தே ஓட்டினார்கள். குலசேகரன் வெறுங்காலோடும் கையுறையோடும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் பூதலிங்கம். சிதம்பரதாணு டிக்கியின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வழி சொன்னார்.

“அத்தான், கழுத்தைத் திருப்பிப் பாத்து ஓட்டுங்களேன்.”

“லைசென்ஸ் எடுக்கும்போதே சொல்லித் தந்திருக்காங்க. ஓட்டுறவன் நேரே முன்னாலதான் பாக்கணும்” என்றார் குலசேகரன். வழி முழுக்க அவர் முன்னால்தான் பார்த்தார். முன்னால் என்பது அவர்கள் விட்டு வந்த இடம். அங்கே ஒரு பஸ் இவர்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் முன் சீட்டில் கோமதி. கணவனும் மனைவியும் ஆலங்கரை எல்லையிலிருந்து வாய்க்கால் பாலம்வரை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே பயணம் செய்தார்கள். பக்கத்துச் சீட்டுக்காரி, “உங்களைப் பாத்துக் கை காட்டுறாரே, தெரிஞ்சவரா?” என்று கேட்டாள். கோமதி, “யாருன்னு தெரியல” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் தாண்டியதும் பஸ் இவர்களை முந்திக்கொண்டு போனது.

கார் போய்ச் சேர்ந்தபோது ஈஸ்வரபிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கார் தெரிந்தது. அதன் மூக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. இரண்டு பேரின் பின்தலை தெரிந்தது. டிக்கியில் இருந்தவர் மட்டும் இவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

“அய்யோ, கிளம்பிட்டாங்களே” என்று ஈஸ்வரபிள்ளை ஓடினார். “என்ன குறை கண்டீங்க? பொண்ணைக்கூடப் பாக்காமப் போறீங்களே.”

குலசேகரன் பார்வையைத் திருப்பாமல் பணிவாகச் சொன்னார்: “போகல. வர்றோம்.”

‘வர்றோம்’ என்று சொல்லி விடைபெறுகிறவர்களைத் தடுப்பது மரியாதையாகுமா? ஈஸ்வரபிள்ளை மனம் கனக்கக் கைகூப்பினார். “சரி, போயிட்டு வாங்க.”

வண்டி நின்றது. மூவரும் கூடிப் பேசினார்கள்.

“போயிட்டு வரச் சொல்லுகாரு.”

“இப்பத்தானே வந்தோம் அண்ணே.”

“சம்பந்தக்காரர் முதல்முதலா ஒண்ணு சொல்லியிருக்காரு. அதைத் தட்டினா நல்லாவா இருக்கும்?” என்றார் சிதம்பரதாணு.

முன்னால் போவதற்குக் கியர் இல்லை. குலசேகரன் கிளட்ச்சை மிதித்துக்கொள்ள, மற்ற இருவரும் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போனார்கள். போயாயிற்று. பிறகு ஏறிக்கொண்டு ரிவர்ஸில் வந்தார்கள். ஈஸ்வரபிள்ளை மறுபடியும் பின்தலைகளைப் பார்த்தார், மறுபடியும் ஓடி வந்தார்.

“வர்றோம்” என்றார் குலசேகரன்.

“போயிட்டு வாங்க” என்றார் ஈஸ்வரபிள்ளை.

உள்ளே கோமதி சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடிவு ஜன்னல் வழியே பார்த்தாள். “இதுல மாப்பிள்ளை யாரு அக்கா?”

“தள்ளிக்கிட்டு வேர்த்து நிக்கிறாரே, சந்தனக் கலர் சட்டை.”

“வேலை ஏதும் பாக்கலன்னு சொன்னாங்க. பாக்காரே” என்றாள் வடிவு.

கோமதி ஒரு தடவை எழுந்து போய், “மாமா, அவங்க போகல, வர்றாங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “ஆமாம்மா, என்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க” என்றார் ஈஸ்வரபிள்ளை. அவள் திரும்பி வந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாயத் தொடங்கியது. கார் தெருக்கோடிக்குப் போவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தது. தெருவே பார்த்தது. ஈஸ்வரபிள்ளைக்கு ஓடி ஓடி மூச்சு வாங்கினாலும் மனசு நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

“எத்தனை தடவை சொல்லிக்கிட்டுப் போறாங்க பாத்தியா? இவ்வளவு மரியாதை தெரிஞ்ச குடும்பம் நமக்குக் கிடைக்காது. இனி யோசிக்க ஒண்ணுமில்ல. தாம்பூலத் தட்டை எடுத்து வையி. அவங்க வந்ததும் மாத்திருவோம்.”