மைக் இல்லாமல் ஒரு கேள்வி

டிவி வினாடி வினா நடத்தும் சந்திரமௌலிக்குத் தெரியாததே கிடையாது என்று ஜனங்கள் நம்பினார்கள். இறுதிப் போட்டியில் இரண்டு பள்ளிகளும் சமமாக நின்றால், "என்னைக் கேளுங்க. நான் திணறினா கோப்பை உங்களுக்கு" என்பார். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் திணறவில்லை.

அன்றும் சமநிலைதான். நகரத்துப் பள்ளிப் பையன் மடகாஸ்கரின் தலைநகரைக் கேட்டான். சந்திரமௌலி காதைத் தொட்டுக்கொண்டே, "அண்டனானரீவோ" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்து ஆலங்குறிச்சி அரசுப் பள்ளி முத்துச்செல்வி. "உங்க ஊர்ல புஸ்தகமெல்லாம் கிடைக்குதாம்மா?" என்று சிரித்தார்.

முத்துச்செல்வி காலையிலிருந்து அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பட்டாணி அளவில் ஒரு இயர்போன். எதிரே கண்ணாடி அறையில், கம்ப்யூட்டரும் கையுமாக இருவர். அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த மைக்கைப் பணிவாக வாங்கி அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"செவ்வாய் கிரகத்துக்கு எத்தனை நிலா சார்?"

பள்ளிப் பாடத்தில் இருக்கும் கேள்வி. அவர் காதைத் தொட்டார். மறுபடி தொட்டார்.

"மைக்ல கேளும்மா."

அவள் மைக்கை மறுபடி ஆன் செய்தாள். "கேள்வி உங்களுக்குத்தானே சார்? வேற யாருக்குக் கேட்கணும்?"

முதலில் சிரித்தது கண்ணாடி அறையிலிருந்த அந்த இருவர்தான்.