ஐயனார் குதிரையின் மறு கண்

மன்னர்கள் குதிரையேறிப் போர் செய்த காலம் அது. கண்மாய்க்கரை ஊர் ஒன்றில் அடைக்கலம் என்ற குயவர் இருந்தார். ஊரார் அவரை வேளார் என்பார்கள். அவருக்கு அநியாயம் செய்தவர் பங்காளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. ஐயனார்தான்.

ஆண்டுதோறும் ஐயனாருக்கு மண்குதிரை செய்து கொடுப்பது அடைக்கலத்தின் வேலை. ஓர் ஆண்டு அந்தக் குதிரைக்கு மண் எடுக்கப் போன இடத்தில்தான் அவர் மனைவி செல்லாயியைப் பாம்பு கடித்தது. ஊரைக் காக்கிற சாமி கரைமேல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லாயி வீடு வந்து சேரவில்லை.

அடைக்கலம் குதிரையைச் செய்தார், சுட்டார், வண்ணம் பூசினார். மை தொட்டுக் கண் திறப்பதுதான் கடைசி வேலை. அதை மட்டும் செய்யவில்லை. கண் திறக்காத குதிரையை ஊர் தூக்காது. குதிரை போகாவிட்டால் திருவிழா இல்லை, விதைப்பு இல்லை.

"என்ன வேளாரே, சாமியோடு சண்டையா?" என்றார் ஊர்த்தலைவர்.

"சண்டை இல்லை. ஒரு கேள்வி. பதில் வந்தால் கண் வரும்."

பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றார் பூசாரி மூக்கன். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. மடித்துச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் ஆம். சிவப்பு என்றால் இல்லை.

"பாம்பு வந்தது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அடைக்கலம். வெள்ளை.

"அவள் ஏதும் தப்புச் செய்தாளா?" சிவப்பு.

"அப்படியானால் ஏன்?"

பூசாரியின் கை நின்றது. "ஏன் என்று கேட்டால் நான் எந்தப் பூவை ஐயா கட்டுவேன்?"

"தோட்டத்தையே கட்டினாலும் போதாது" என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

அடைக்கலம் சாமி முகத்தை உற்றுப் பார்த்தார். சாமி தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செல்லாயிமேல் பழி போட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பொய் சொல்லாதவர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சொல்ல மனமில்லையா? சொன்னாலும் நமக்கு விளங்காதா?

வீட்டுக்கு வந்து மைக்கிண்ணத்தை எடுத்தார். குதிரையின் வலக் கண்ணைத் திறந்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"மறு கண்?" என்றார் கூடவே வந்த தலைவர்.

"சொன்னதுக்கு ஒரு கண். சொல்லாததுக்கு மறு கண். அது என்னிடமே இருக்கட்டும்."

"ஒற்றைக் கண் குதிரையில் சாமி எப்படிப் போவார்?"

"எனக்கும் பாதி வழிதான் தெரிகிறது. நான் போகவில்லையா?"

ஊர் சாமியிடமே கேட்டது. வெள்ளைப் பூ வந்தது. ஒற்றைக் கண் குதிரை ஊர்வலம் போனது. தூக்கியவர்களில் முதல் தோள் அடைக்கலத்தின் தோள்.

அதன்பின் ஆண்டுதோறும் மைக்கிண்ணத்தோடு போவார். அந்தக் குதிரையின் இடப்பக்கம் நின்று, "இப்போதாவது சொல்லும்" என்பார். சற்று நேரம் காத்திருப்பார். திரும்பிவிடுவார். அந்தப் பதில் இன்றும் அவருக்கு வரவேண்டியிருக்கிறது.

ஆதலால் பெரியோரே, சிறியோரே, கடவுள் சொல்லாமல் விட்டதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், கேட்டுக்கொண்டே அவரைத் தோளிலும் சுமக்கலாம்.