இல்லாத குலம்

பேராசிரியர் கெர்லிண்டா ஆம்ரைனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது எக்கார்ட் வீஸ்னருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆசிரியை அவரைவிட இளையவர். வீஸ்னரின் இளமை போரிலும் பிறகு பிழைப்பிலும் கழிந்துவிட்டது. பகலில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலை ரயிலில் பல்கலைக்கழகத்துக்கு வருவார்.

ஆம்ரைனின் துறை, கணிதத்தில் குலங்கள் என்ற பகுதி. ஒரு பொருளை எந்தெந்த விதமாகத் திருப்பினால் அது முன்பு இருந்தது போலவே தெரிகிறதோ, அந்தத் திருப்பல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு குலம். ஜெர்மனியில் அந்தத் துறைக்காரர்கள் ஆம்ரைன் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அவர் அதிகம் பேசமாட்டார்.

முதல் நாளே வீஸ்னருக்கு ஒரு கேள்வி கொடுத்தார். இன்னின்ன குணங்கள் உள்ள ஒரு குலம் உண்டா?

"எங்கிருந்து தேடத் தொடங்குவது?" என்று கேட்டார் வீஸ்னர்.

"தேட வேண்டாம். இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பழகுங்கள்."

வீஸ்னர் பழகினார். அது எவ்வளவு பெரியது, அதற்குள் என்னென்ன சிறு குலங்கள் அடங்கியிருக்கின்றன, எது எதோடு சேரும், எது சேராது என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. வருடங்கள் போயின. சாப்பாட்டு மேசையில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "அது எப்படி இருக்கிறது?" என்று மனைவி கேட்பாள்.

"நன்றாக இருக்கிறது" என்பார்.

துறையில் இருந்தவர்கள் அதை 'வீஸ்னர் குலம்' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் கையை அசைத்து மறுப்பார். ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடும்.

ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் அவர் ஆம்ரைனின் அறைக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அது இல்லை" என்றார்.

"எது?"

"என் குலம். அதன் உறுப்புகளில் ஒரு வகையை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒரு வழியில் எண்ணினால் ஒற்றைப்படை வருகிறது. இன்னொரு வழியில் இரட்டைப்படை."

ஆம்ரைன் சுண்ணாம்புக்கட்டியை அவரிடம் நீட்டினார். வீஸ்னர் கரும்பலகையில் எழுத எழுத, அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு இடங்களில் நிறுத்திக் கேள்வி கேட்டார். இரண்டுக்கும் வீஸ்னரிடம் பதில் இருந்தது. பலகை நிறைந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெயில் தாழ்ந்திருந்தது.

"சரியாக இருக்கிறது" என்றார் ஆம்ரைன். "அப்படி ஒரு குலம் இல்லை. இருக்கவும் முடியாது. வாழ்த்துகள், வீஸ்னர்."

அவர் நீட்டிய கையை வீஸ்னர் பற்றிக்கொள்ளவில்லை.

"எதற்கு வாழ்த்து? அதன் ஒவ்வொரு மூலையும் எனக்குத் தெரியும். என் வீட்டைக்கூட அவ்வளவு தெரியாது. ஆனால் அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இத்தனை வருடம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?"

ஆம்ரைன் நீட்டிய கையைத் தாழ்த்திக்கொண்டார்.

"வியாழக்கிழமை கருத்தரங்கில் பேசுவோர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார் வீஸ்னர். "வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சூரிச்சில் ஒருவர் தன் மாணவர்கள் எல்லோரையும் இந்தக் குலத்தில்தான் இறக்கியிருக்கிறாராம். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, ஒன்றும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பள்ளிக்கூடம் இருக்கிறது. எனக்கு அது போதும்."

அவர் கதவை நோக்கி நடந்தார்.

"உட்காருங்கள்" என்றார் ஆம்ரைன்.

வீஸ்னர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என் அப்பா போரில் காணாமல் போனார். இறந்தார் என்றும் தகவல் இல்லை, பிடிபட்டார் என்றும் தகவல் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது."

வீஸ்னர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஆசிரியை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

"போர் முடிந்து வெகுகாலம் கழித்து ஒருவர் வந்தார். போர்க்கைதிகள் சிறையிலிருந்து விடுபட்டவர். தன் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு விலகி, எங்கள் ஊரை விசாரித்துக்கொண்டு, பாதி தூரம் நடந்தே வந்திருந்தார். அம்மா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாசலிலேயே நின்று, 'அம்மா, அவர் இல்லை. நான்தான் புதைத்தேன்' என்றார்."

"உங்கள் அம்மா?"

"கத்தியைக் கீழே வைத்தார். எந்த இடம் என்று கேட்டார். அந்த மனிதர் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார். ஆறு இந்தப் பக்கம், ரயில் பாதை இந்தப் பக்கம், நடுவில் ஒரு மேடு. அம்மா இரண்டு தடவை வரையச் சொன்னார். பிறகு அழுதார். அழுது முடித்துவிட்டு அவருக்கு சூப் ஊற்றிக் கொடுத்தார்."

நடைவழியில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள். ஆம்ரைன் அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"அவர் சாப்பிடவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. 'அவருடைய மோதிரத்தைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. வெறுங்கையோடு வந்து நிற்கிறேன், மன்னித்துவிடுங்கள்' என்றார்."

வீஸ்னர் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதற்கு உங்கள் அம்மா என்ன சொன்னார்?"

"'இத்தனை வருடமும் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும், வந்துவிடுவார், வந்துவிடுவார் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். இதைச் சொல்ல ஒருவரும் இவ்வளவு தூரம் நடந்து வரவில்லை. சாப்பிடுங்கள்' என்றார்."